மங்கலான போட்டோவை ஆங்கிலத்தில் விவரிப்பது எப்படி? மூக்குத்தியிலிருந்து ஆரம்பியுங்கள்

மே 4 – கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்)

"வீட்டில் உள்ள பழைய போட்டோக்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி, கனடாவில் இருக்கும் தங்கை பிள்ளைகளுக்காக ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுகிறேன். பாதிக்கு மேல் மங்கல். 'பிளர்டு போட்டோ' என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறேன். மங்கின படத்தில் விவரிக்க வேறு என்ன இருக்கிறது?"

மே 4, இரவு

நிறைய இருக்கிறது. 'பிளர்டு போட்டோ' என்பது ஆஸ்பத்திரிச் சீட்டில் 'உடம்பு சரியில்லை' என்று எழுதுவது மாதிரி. எந்த டாக்டரும் அதோடு விடமாட்டார்.

நான் வேலூரில் ஒரு ஸ்டுடியோ டார்க்ரூமில் பல வருஷம் பிரிண்ட் போட்டவன். இப்போது வீட்டில் ஒரு ஸ்கேனரை வைத்துக்கொண்டு தெரிந்தவர்களுக்குப் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அதனால் ஆங்கிலத்தில் விவரம் எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது.

படத்தைப் பெரிதாக்கி, அதில் மினுக்குகிற ஏதாவது ஒரு புள்ளியைத் தேடுங்கள். நம் ஊர்ப் படங்களில் அதற்குப் பஞ்சமில்லை. பாட்டியின் மூக்குத்தி, கம்மல், பித்தளைக் குடத்தின் விளிம்பு, குத்துவிளக்குச் சுடர், கண்ணுக்குள் விழுந்த வெளிச்சப் பொட்டு, எதுவானாலும் சரி. மூக்குத்திதான் ரொம்ப வசதி. சின்னது, பளிச்சென்று இருக்கும், முகத்திலேயே இருக்கும்.

அந்த மினுக்கம் சின்னப் புள்ளியாகவே விழுந்திருந்தால் லென்ஸ் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, மங்கல் வேறெங்கிருந்தோ வந்தது. ஊதின வட்டமாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. கோடாக இழுத்திருந்தால் ஏதோ ஆடியிருக்கிறது.

ஆடினது யார் என்பது அடுத்த கேள்வி. மூக்குத்தி, கம்மல், பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பி எல்லாமே ஒரே திசையில், ஒரே நீளத்துக்கு இழுத்திருந்தால் கேமரா பிடித்தவரின் கை ஆடியிருக்கிறது. ஜன்னல் கம்பி நறுக்கென்று இருக்க, மூக்குத்தி மட்டும் கோடு போட்டிருந்தால் பாட்டி அந்த நேரம் தலையைத் திருப்பியிருக்கிறார். முதல் படத்துக்கு 'கேமரா ஆடியதால் படம் முழுக்க மங்கல்' என்று எழுதலாம். இரண்டாவதுக்கு 'பாட்டி தலையைத் திருப்பும்போது எடுத்தது'. கனடாவில் இருக்கிற பேத்திக்கு அந்த இரண்டாவது வரி எவ்வளவு பெரிய செய்தி, யோசித்துப் பாருங்கள்.

மே 5, காலை

இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய இலக்கியம் எதுவும் வேண்டாம். ஸ்டுடியோவில் 'ஷேக்', 'அவுட்', 'மூவ் ஆயிடுச்சு' என்று மூன்றைத்தான் சொல்லுவோம். எழுதும்போது கேமரா ஷேக், அவுட் ஆஃப் ஃபோகஸ், சப்ஜெக்ட் மூவ்டு என்று எழுதினால் போதும்.

மங்கல் மாதிரித் தெரிகிற மற்றதையெல்லாம் இதில் சேர்க்காதீர்கள். படம் வெளுத்துப்போய் மஞ்சளாகியிருந்தால் அது ஃபேடட். ஹைப்போவில் (படம் அழியாமல் நிற்க வைக்கிற ரசாயனக் கரைசல்) போட்டு எடுத்த பிரிண்டைத் தண்ணீரில் சரியாக அலசாமல் விட்டால் நாளாக ஆக இப்படி ஆகும். (வேலூர்த் தண்ணீர்க் கஷ்டத்தில் எத்தனை பிரிண்டுகள் அரைகுறையாக அலசப்பட்டன என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.) மணல் தூவினது போல இருந்தால் கிரெய்னி, அது ஃபிலிமின் குணம். சதுரம் சதுரமாகத் தெரிந்தால் அது போட்டோக்காரர் செய்ததே இல்லை. யாரோ போனில் அனுப்பி, இன்னொருவர் அதைத் திரும்ப அனுப்பி, வழியில் நசுங்கியிருக்கிறது. ஜேபெக் முறையில் படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறார்கள். ரொம்பச் சுருக்கினால் அந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட படத்துக்கு விவரம் எழுதுவதற்கு முன்னால், ஒரிஜினல் யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

இன்னொன்று. கிளிக் 3 மாதிரிப் பெட்டி கேமராவில் ஃபோகஸ் திருப்புகிற வேலையே கிடையாது. அதில் ஆசையாகக் கிட்டப்போய் எடுத்த குழந்தை மங்கலாகவும், பின்னால் இருக்கிற கிணற்றடி தெளிவாகவும் விழும். 'குழந்தை கேமராவுக்கு மிக அருகில்' என்று எழுதுங்கள். எடுத்தவரின் ஆசை அதிலேயே தெரிந்துவிடும்.

மே 5, மதியம்

ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கலாமா என்று ஒருவர். பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள்.

மே 7

"எது எப்படி மங்கினால் என்ன, தெரியாதது தெரியாததுதானே" என்கிறார் ஆம்பூர் நண்பர்.

அப்படி இல்லை. எது ஆடியது, எது ஆடவில்லை என்று தெரிந்தால் அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்பது பிடிபடும்.

போன வருஷம் ஒருவர் கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலையை ஊர்வலமாகச் சுமந்துபோகிற திருவிழா) அன்று மாடியிலிருந்து எடுத்த பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் தெரு எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படத்தில் கூட்டம் மொத்தமும் ஒரே குழம்பல். அம்மன் சிரசு வெறும் வெள்ளைத் தீற்றல். அவர் பின்பக்கத்தில் 'பேட் போட்டோ' என்று பென்சிலில் எழுதிவைத்திருந்தார். ஆனால் எதிர்வீட்டுத் தூணும் திண்ணையும் கத்தி மாதிரி இருந்தன. அப்படியென்றால் கேமரா ஆடவில்லை, கூட்டம்தான் ஓடியிருக்கிறது. திண்ணையில் ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தூணைக் கட்டிக்கொண்டு ஒரு பையன். அந்தத் தெருவில் முகம் விழுந்தது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

நான் எழுதிக் கொடுத்த விவரத்தின் சாரம் இது: 'திருவிழாக் கூட்டம் வேகமாக நகர்வதால் உருவங்கள் கலைந்திருக்கின்றன. நடுவில் உள்ள வெள்ளைத் தீற்றல் சுமந்துசெல்லப்படும் அம்மன் சிரசு. இடது ஓரம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவரும் தூணருகே ஒரு சிறுவனும் மட்டும் தெளிவு.' படம் மாறவில்லை, ஆனால் பேட் போட்டோ என்று இனி யாரும் சொல்லமாட்டார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததில்லை. 1838-ல், போட்டோ எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாகேர் பாரிஸில் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியை எடுத்தார். வண்டியும் ஆளுமாக இருந்த வீதி, படத்தில் காலியாக விழுந்தது. பல நிமிஷம் திறந்துவைத்து எடுத்ததால் நகர்ந்தது எதுவும் பதியவில்லை. ஒரே இடத்தில் நின்று, பாலிஷ் போடுகிறவரிடம் ஷூவைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள் மட்டும் மிஞ்சினார். போட்டோவில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று இன்றைக்கும் அவரைத்தான் காட்டுகிறார்கள்.

மே 8

காட்பாடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பார்வை இல்லாதவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஸ்க்ரீன் ரீடர் வைத்துப் படிக்கிறவர். சுருக்கித் தருகிறேன்:

"படம் மங்கல் என்று எழுதுவதில் எனக்கு என்ன இருக்கிறது சார்? எனக்கு எல்லாப் படமும் அப்படித்தான். எத்தனை பேர், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள். மங்கலைக் கடைசியில் வையுங்கள். நிறைய பேர் 'எ பிளர்ரி இமேஜ் ஆஃப்' என்று ஆரம்பிக்கிறார்கள். அதைக் கேட்டதும் அடுத்த படத்துக்குத் தாண்டிவிடுவேன்."

இதைப் படித்துவிட்டு நான் எழுதிக் கொடுத்த பழைய விவரங்களை எடுத்துப் பார்த்தேன். சிலவற்றை இனி முன்னுக்குப் பின்னாக மாற்றலாம் என்று தோன்றுகிறது. ஆட்களும் இடமும் முதல் வரிக்குப் போகட்டும், மங்கல் எந்த ரகம் என்பது கடைசி வரிக்கு.

மே 9, காலை

குடியாத்தத்துக்காரர் மாதிரி விவரம் ஒன்று எழுதிக் காட்டச் சொன்னார். திண்ணையில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றை வைத்துத் தமிழில் போடுகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசையில் போங்கள்.

பார்த்தது: வீட்டுத் திண்ணை. மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் தறிக்கட்டையின் ஒரு பகுதி தெரிகிறது. இடமிருந்து மூன்றாவது பெண் தலையைத் திருப்பியதால் அவர் முகம் மட்டும் கலைந்திருக்கிறது.

தெரிந்தது: மூன்றாவது பெண் எங்கள் பெரியம்மா. அம்மா சொன்னது.

ஊகம்: [1970களின் நடுவில்?]

இந்த மூன்றையும் ஒரே பாராவில் கலக்காதீர்கள். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான். முகம் கலைந்திருக்கிற இடத்தில் நம் ஞாபகம் தானாக ஒரு முகத்தை ஒட்டிவிடும். நமக்கு அது பெரியம்மாதான், கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் படத்தில் பெரியம்மா இல்லை. ஒரு பெண்ணும் ஒரு தலைத்திருப்பலும்தான் இருக்கின்றன. 'பார்த்தது' வரியில் பெரியம்மாவைப் போட்டுவிட்டால், நாளைக்குச் சித்தி வந்து "அது நான்தான்" என்று சொல்லும்போது எதை அழிப்பது, எதை வைப்பது என்று தெரியாது. யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அம்மா சொன்னதும் அண்ணன் சொன்னதும் ஒரே எடை இல்லை. எங்கள் வீட்டில் நிச்சயமாக இல்லை.

சதுர அடைப்பு என் கண்டுபிடிப்பு அல்ல. நூலகங்களில் புத்தகத்திலேயே அச்சாகாத விவரத்தைப் பட்டியல் போடுகிறவர் தானாகச் சேர்த்தால் சதுர அடைப்புக்குள் போடுகிற பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. உறுதியில்லை என்றால் உள்ளேயே ஒரு கேள்விக்குறி.

மே 9, இரவு

ஒருவர் எல்லா வரியிலும் 'அப்பியர்ஸ் டு பீ' போட்டு அனுப்பியிருக்கிறார். அப்பியர்ஸ் டு பீ எ மேன். அப்பியர்ஸ் டு பீ எ சைக்கிள். அண்ணே, சைக்கிள் சைக்கிள்தான். இரண்டு சக்கரமும் ஹேண்டில்பாரும் தெரிகிறது. போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி பயப்பட வேண்டாம். தெரிவதைத் துணிந்து எழுதுங்கள். சந்தேகம் இருக்கிற இடத்தில் மட்டும் சந்தேகப்படுங்கள், அப்போதுதான் அந்தச் சந்தேகத்துக்கு மரியாதை.

மே 11

இடம் வலம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நெகட்டிவைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்துவிட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறிவிடும். தெளிவான படத்தில் கடை போர்டு எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். மங்கின படத்தில் எழுத்து இருக்காது. அப்போது சட்டைப் பாக்கெட்டைப் பாருங்கள், இடது மார்பில் இருக்க வேண்டும். முந்தானை இடது தோளில் விழ வேண்டும். இவை பெரிய உருவங்கள், எவ்வளவு மங்கினாலும் தெரியும். எல்லாரும் வலது பக்கப் பாக்கெட்டோடு நின்றால் படத்தைத் திருப்புங்கள், அப்புறம் 'இடமிருந்து வலம்' எழுதுங்கள்.

மே 11, சற்று நேரம் கழித்து

ராணிப்பேட்டை அக்கா ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். மடிசாரில் ஐயர் வீடுகளில் முந்தானை வலது தோளில் வரும், வட இந்தியாவில் பல குடும்பங்களிலும் வலது தோளில் முன்பக்கமாகப் போடுவார்கள் என்கிறார். சரிதான். முந்தானையை மட்டும் நம்பி எந்தக் குடும்பத்தையும் திருப்பிவிடாதீர்கள். பாக்கெட்டும் ஒத்துவர வேண்டும்.

மே 12

ஊர்ப்பெயர்ச் சண்டை ஆரம்பித்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். 1975-ல் எடுத்த படத்துக்குக் கீழே மாவட்டம் என்ன எழுதுவது?

படம் எடுத்தபோது அது வட ஆற்காடு. 1989-ல் திருவண்ணாமலையைத் தனியே பிரித்ததும் இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, அப்புறம் வேலூர். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. வட ஆற்காடு எங்கே என்று கனடாப் பிள்ளை தேடினால் தலை சுற்றிவிடும். நான் இரண்டையும் எழுதுகிறேன்: 'ஆம்பூர், வட ஆற்காடு மாவட்டம் (இன்று திருப்பத்தூர் மாவட்டம்)'. நீளம்தான். ஆனால் வாசலில் வந்து மாவட்டம் மாறுவது நமக்குப் பழகிவிட்டதே.

மே 13

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, இப்போது ஆப் இருக்கிறதே, ஒரு தட்டுத் தட்டினால் முகம் பளிச்சென்று வருகிறது." நாலு பேர் இதையே எழுதிவிட்டார்கள், ஒரே பதிலாகச் சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் பாட்டியின் ஒரே படத்தை அப்படித் தட்டினார். பளிச்சென்று வந்தது. மூக்குத்தியைக் காணோம். அதற்குப் பதில் வரிசையான பல் வந்திருந்தது. பாட்டி வெற்றிலை போடுகிறவர், கடைசிக் காலத்தில் முன்பல்லே இல்லை. அதை ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். மாலையும் போட்டாயிற்று. தினமும் யாரோ ஒரு பாட்டிக்கு ஊதுவத்தி காட்டுகிறார்கள்.

அந்த மென்பொருளுக்குப் பாட்டியைத் தெரியாது. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. மங்கின இடத்தில் பொதுவாக என்ன இருக்குமோ அதை வரைகிறது. 2020-ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த இப்படிப்பட்ட ஒரு கருவியில், கட்டம் கட்டமாக மங்கின ஒபாமா படத்தை யாரோ கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம். பெரிய சர்ச்சை ஆனது. ஒபாமா முகத்துக்கே இதுதான் கதி என்றால் நம் வீட்டுப் பாட்டி எம்மாத்திரம்?

மங்கலை எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 1990-ல் ஹப்பிள் தொலைநோக்கியை மேலே அனுப்பின பிறகுதான் அதன் கண்ணாடியின் ஓரம் வேண்டியதைவிடத் தட்டையாகிவிட்டது தெரிந்தது. 2.2 மைக்ரான், தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். படமெல்லாம் மங்கல். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்துகிற கருவிகளைப் பொருத்தினார்கள். அதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஓரளவு தெளிவாக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எப்படி முடிந்தது? ஒரு நட்சத்திரப் புள்ளி அந்தக் கண்ணாடியில் எப்படிச் சிதறுகிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. சிதறின விதம் தெரிந்தால் பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

நம் படத்தில் அந்த நட்சத்திரம் மூக்குத்திதான். கேமரா ஆடிய படத்தில் மூக்குத்தி போட்ட கோடு, கை எப்படி ஆடியது என்பதன் பதிவு. அந்தக் கோட்டை வைத்துக் கொஞ்சம் தெளிவாக்குகிற மென்பொருள்கள் உண்டு, அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் குரூப் போட்டோவின் பின்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பிக்ஸலுக்குள் அடங்கிவிட்ட முகத்தில் மீட்க எதுவும் இல்லை. அங்கே வருவது வரைந்த முகம்.

தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தட்டுங்கள். ஒரிஜினலையும் பக்கத்தில் வையுங்கள், விவரத்தில் 'மென்பொருளால் மாற்றப்பட்டது' என்று எழுதுங்கள். விவரம் எழுதுவது மட்டும் ஒரிஜினலைப் பார்த்துத்தான்.

மே 14

காட்பாடிக்காரர் மறுபடி. "மங்கலைக் கடைசியில் வையுங்கள் என்றேன், எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை" என்கிறார். வீட்டில் எல்லாரும் ஒரு படத்தைப் பார்த்து, அது தாத்தாவா சின்னத் தாத்தாவா என்று சண்டை போடுகிறார்களாம். எதற்குச் சண்டை என்று அவருக்குப் புரியவில்லை. முகத்தின் மேல்பாதி நிழலில் மறைந்து மீசை மட்டும் தெரிகிறது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மீசை என்று பிறகுதான் யாரோ சொன்னார்களாம். "அதைச் சொல்லியிருந்தால் நானும் சண்டையில் கலந்துகொண்டிருப்பேன்."

எது தெரியவில்லை என்பதோடு, ஏன் தெரியவில்லை என்பதையும் எழுதுங்கள். இவருக்காக மட்டுமில்லை, எல்லாருக்குமே.

மே 16

சிரசு முடிந்து குடியாத்தத்துக்காரர்கள் திரும்பியிருப்பீர்கள். இந்த வருஷப் படங்களும் ஆடித்தான் வந்திருக்கும், வரட்டும்.

ஆலங்காயத்திலிருந்து ஒருவர் காவலூரை இழுத்திருக்கிறார். ஜவ்வாது மலைமேல் இருக்கும் வானாய்வகம், வானியலாளர் வைணு பாப்பு பெயரில் உள்ளது. அங்கே 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. "அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தும் நட்சத்திரம் ஏன் அலைபாய்கிறது" என்பது அவர் கேள்வி.

காற்றுதான். சூடான அடுக்கும் குளிர்ந்த அடுக்கும் கலந்து அசையும்போது ஒளி வளைந்து நெளிந்து வருகிறது. மத்தியானம் ரோட்டில் கானல் ஓடுவதும் இதே சங்கதி. மே மாதத்தில் வேலூர்க் கோட்டையை அகழிக்கு இந்தப் பக்கமிருந்து பெரிய ஜூம் வைத்து எடுத்தால் மதில் கல் நெளியும். லென்ஸைத் துடைத்துப் பிரயோஜனமில்லை, விடியற்காலையில் போய் எடுங்கள். விவரத்தில் 'ஹீட் ஹேஸ்' என்று எழுதலாம்.

காவலூரில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 1988-ல் அங்கே இருக்கிற, வானத்தின் அகலமான பகுதியைப் படமெடுக்கிற ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். வானத்தின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவை நகர்த்திக்கொண்டே வெகுநேரம் எடுத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்கும். குறுங்கோள் தானாக நகர்வதால் சின்னக் கோடு போடும், இல்லாவிட்டால் அடுத்தடுத்த படங்களில் இடம் மாறியிருக்கும். குறுங்கோள் தேடுகிறவர்கள் அந்தக் கோட்டைத்தான் தேடுகிறார்கள். ஜன்னல் கம்பி நிற்க மூக்குத்தி நகர்ந்தது என்று நான் 4-ம் தேதி எழுதினதும் இதே பார்வைதான்.

மே 18

பாலாற்று வெள்ளம் என்று ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் '1903' என்று மையில் எழுதியிருக்கிறது. அந்த வருஷம் நவம்பரில் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம், அதனால் எல்லாருக்கும் ஆசை. படம் பயங்கர மங்கல். தண்ணீர், கரை, கரையில் கறுப்பாக ஆட்கள், அவ்வளவுதான். ஆனால் வலது பக்கம் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள், அவற்றை இணைத்து மெல்லிய தொங்கல் கோடு. ஒரு கம்பத்தின் தலையில் குடை மாதிரி ஒன்று. தெருவிளக்கு. 1903-ல் வாணியம்பாடியில் கரண்ட் கம்பம் ஏது?

'பார்த்தது' வரியில் கம்பத்தைப் போடுங்கள். 'பின்பக்கத்தில் 1903 என்று எழுதியுள்ளது' என்பதையும் அப்படியே போடுங்கள், அழிக்காதீர்கள். எழுதினவர் தாத்தா கதையைக் கேட்டு எழுதியிருக்கலாம். ஊகத்தில் [1903க்குப் பிந்தியது] போதும். எந்த வெள்ளம் என்பது பிறகு பார்ப்போம்.

இதே ரகத்தில் இன்னொன்று. 'கோட்டைக் கோயில் மூலவர் அபிஷேகம், 1965' என்று குறிப்பு. உள்ளே இருட்டு, தீபச் சுடர், பால் ஊற்றுகிற கை, எல்லாமே ஆடியிருக்கிறது. வேலூர்க் கோட்டைக் கோயில் மூலவரான ஜலகண்டேஸ்வரர் அங்கே திரும்ப வந்தது 1981-ல். அதுவரை கருவறை காலி, லிங்கம் பக்கத்துச் சத்துவாச்சாரியில் இருந்தது. ஆகவே வருஷம் தப்பு, அல்லது கோயில் தப்பு. சத்துவாச்சாரியில் எடுத்த படமாக இருக்கலாம். தூண் வேலைப்பாடு கொஞ்சம் தெரிந்தால் சொல்லிவிடலாம். இன்னும் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும்: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். பிரிண்டை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், பாஸ்போர்ட் சைஸ் என்றால் 1200. கூடத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் போனில் எடுத்தால் ட்யூப்லைட்தான் தெரியும்.

மே 21

ஆம்பூர் நண்பர் தன் அப்பா படத்துக்கு எழுதினதை அனுப்பியிருக்கிறார். 'எது எப்படி மங்கினால் என்ன' என்று கேட்டவர்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் எடுத்தது, தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம் அங்கே இருக்கும். அவர் ஆங்கிலத்தில் எழுதினதன் சாரம்: 'என் தந்தை டிரம்முக்கு முன்னால் பெருமையாகச் சிரித்தபடி நிற்கிறார். படம் மங்கல்.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தலைக்கு மேலே பல்பு, முகம் முழுக்க நிழல், மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. 'பெருமையாகச் சிரித்தபடி' போகட்டும். ஆனால் அவர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆளின் வேட்டி மடிப்பு, தரையில் கிடக்கிற வாளி, சுவர் எல்லாம் சுமாராகத் தெளிவு. பின்னால் இருக்கிற மர டிரம்மின் போல்ட்டுகள் மட்டும் வளைகோடாக இழுத்திருக்கின்றன. டிரம் சுற்றிக்கொண்டிருந்தபோது எடுத்த படம். அதை எழுதுங்கள் என்றேன்.

மே 21, இரவு

அவர் பதில் சுவாரஸ்யம். "அப்பா சூப்பர்வைசர். டிரம் ஓடும்போது கிட்டே யாரையும் விடமாட்டார், தானும் நிற்கமாட்டார். திட்டித் தீர்த்துவிடுவார். அப்படியென்றால் இது அப்பாவே இல்லையா?"

எனக்கு எப்படித் தெரியும்? படத்துக்காக ஒரு நாள் நின்றிருக்கலாம். வேறு யாராவதாகவும் இருக்கலாம். 'பார்த்தது' வரியில் 'வேட்டி கட்டிய ஒருவர், சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்முக்கு முன்னால்' என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். அப்பா பெயர் சதுர அடைப்புக்குள், கேள்விக்குறியோடு. அதே ஷாப்பில் வேலை பார்த்த பெரியப்பா சனிக்கிழமை வாணியம்பாடியிலிருந்து வருகிறாராம். அவரிடம் படத்தைக் காட்டும்போது 'அப்பாதானே இது' என்று கேட்காதீர்கள். 'யார் இது' என்று மட்டும் கேளுங்கள்.